பிறப்பிடத்துக்கும் வதிவிடத்துக்கும் இடையில்

வன்னியில் ஒரு பெரியவர் கண்மூடினால், 31ஆம் நாள் அந்தியேட்டியும் வீட்டுக்கிருத்தியமும் முடிந்து சாப்பிட்டு எழும்புகிறவர்களின் கையில் ஒரு கல்வெட்டை, அதாவது இறந்தவரின் நினைவாக அச்சடித்த சிறு புத்தகத்தை, கொடுத்துவிடுவார்கள். அட்டையில் மாலை போட்ட படம். உள்ளே பிள்ளையார் காப்பு, திதி வெண்பா, பஞ்சபுராணம், சிவபுராணம், அதன்பிறகு 'அன்னாரின் வாழ்க்கை வரலாறு' என்று ஒன்றரைப் பக்கம். அந்த ஒன்றரைப் பக்கம்தான் நெடுநாளாக மனத்தை உறுத்துகிறது. நற்குணம் படைத்தவர், விருந்தோம்பலில் சிறந்தவர், இன்முகம் மாறாதவர், ஊருக்கு உழைத்தவர் என்று அதில் இருக்கும். எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பெயரை மாற்றினால் அதே பக்கம் பக்கத்து வளவுப் பெரியவருக்கும் அப்படியே பொருந்தும். இருபது வருடம் கழித்து ஒரு பேத்தி அதைத் தேடி எடுத்து வாசித்தால், தன் அப்பப்பா எந்தக் குளத்துத் தண்ணீரில் நெல் விதைத்தார், எத்தனை தரம் கூரையைக் கழற்றிக்கொண்டு போய் வேறிடத்தில் போட்டார், ஏன் கடைசிவரை அந்தப் பழைய சைக்கிளை விற்காமல் வைத்திருந்தார் என்று ஒன்றும் அவளுக்குத் தெரியவராது.

வேறு ஊரில் இது பெரிய குறையாக இராது. அங்கே வீட்டில் பெட்டகம் இருக்கும், கலியாண அல்பம் இருக்கும், காணி உறுதி இருக்கும், பள்ளிக்கூடத்துப் பழைய மலர் இருக்கும். வன்னிக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு, போர் முடிந்த 2009 மே மாதத்துக்கு முந்திய கடதாசி ஒரு சொப்பிங் பையில் அடங்கும். பலருக்கு அதுவும் இல்லை. ஆகவே அந்தக் கல்வெட்டுத்தான் அந்த மனிதரைப்பற்றி அச்சில் மிஞ்சப்போகும் ஒரே தாள். மரண அறிவித்தலில் 'கரைச்சியைப் பிறப்பிடமாகவும் விசுவமடுவை வதிவிடமாகவும் கொண்ட' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். அந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில் பத்து ஊர்கள் கிடக்கும். அன்புக் கணவராகவும் பாசமிகு தந்தையாகவும் பேரப்பிள்ளைகளின் அப்பப்பாவாகவும் அவர் வாழ்ந்ததெல்லாம் அந்தப் பத்து ஊர்களில்தான்.

கல்வெட்டு எழுதப் பொறுப்பெடுக்கிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அது பெரும்பாலும் வீட்டில் கொஞ்சம் எழுதத் தெரிந்த ஒரு மருமகளோ உயர்தரம் படித்த ஒரு பேரனோவாக இருக்கும்.

முப்பத்தொரு நாளில் இருப்பது மூன்று கிழமை

செத்தவீட்டு நாளில் ஒரு வேலை மட்டும் பிந்தக்கூடாது. உயிர் பிரிந்த நேரத்தை மணி, நிமிடத்தோடு எழுதிவைக்க வேண்டும். ஆட்டைத்திவசம் முதல் வருடாவருடம் செய்கிற திவசம் எல்லாம் அந்த நேரத்துத் திதியில் தொங்குகிறது. திதி நடு இரவில் மாறுவதில்லை. பகல் பதினொரு மணிக்கும் மாறும், விடியப்புறம் மூன்றுக்கும் மாறும். 'காலைமை போயிட்டார்' என்ற அளவில் விட்டால் பிறகு ஐயர் கேட்கும்போது ஆளுக்கொரு நேரம் சொல்லுவார்கள். இன்னொன்று, யாழ்ப்பாணத்து வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் திதி முடிகிற நேரத்தில் சில மணித்தியால வித்தியாசம் வரும். வீட்டில் எதைப் பார்க்கிறார்களோ அதைக் கல்வெட்டில் குறித்துவிட்டால் பிள்ளைகள் இங்கே ஒருநாளும் கனடாவில் வேறொரு நாளும் திவசம் செய்கிற குழப்பம் குறையும். வருடம், மாதம், பூர்வபக்கமா அபரபக்கமா, திதி என்ற நான்கும் வெண்பாவில் இருக்கவேண்டும். அதே நான்கையும் வெண்பாவுக்குக் கீழே உரைநடையிலும் ஒருதரம் போடுங்கள். வெண்பாவைப் பிரித்து வாசிக்கத் தெரிந்தவர்கள் வீட்டுக்கு வீடு குறைந்துவருகிறார்கள்.

மனைவியிடம் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடியும்வரை ஒன்றும் கேட்கவேண்டாம். அதுவரை ஆட்கள் வந்துபோவார்கள், அழுகை ஓயாது. எட்டுக்குப் பிறகு வீடு வெறுமையாகிறபோது அவவுக்கும் கதைக்க ஆள் தேவைப்படும். எட்டாம் நாளிலிருந்து இருபதாம் நாள்வரைதான் உண்மையில் கேட்டு எழுதக் கையில் இருக்கும் காலம். அச்சகத்துக்கு ஒரு கிழமை வேண்டும், பிழைதிருத்த இரண்டு நாள் வேண்டும். இருபத்திரண்டாம் நாளுக்குப் பிறகும் எழுத்து முடியாவிட்டால் அச்சகத்தில் இருக்கிற பழைய கோப்பிலிருந்து 'இன்முகம் மாறாதவர்' வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கத்தோலிக்க வீடுகளிலும் 31ஆம் நாள் திருப்பலிக்கு இதே கணக்குத்தான்.

யாரிடம் எதைக் கேட்பது

வாழ்க்கை வரலாற்றை மூத்த மகன் வெளிநாட்டிலிருந்து எழுதி அனுப்புவது வழக்கமாகிவிட்டது. அவருடைய பாசத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் தொண்ணூறுகளில் போனவருக்குத் தகப்பனின் கடைசி முப்பது வருடம் தொலைபேசியில் கேட்டதுதான். ஒரு மனிதரின் வாழ்க்கை முழுவதையும் தெரிந்தவர் வீட்டில் ஒருவரும் இல்லை. துண்டு துண்டாகத்தான் தெரியும். கலியாணத்துக்கு முந்தியது அவருடைய சகோதரிக்கும் மச்சானுக்கும் தெரியும். கலியாணத்திலிருந்து மனைவிக்கு. வயலும் தோட்டமும் மூத்த பிள்ளைகளுக்கு. இடப்பெயர்வு கடைக்குட்டிக்கு, ஏனென்றால் எல்லா ஓட்டத்திலும் தகப்பனோடு நின்ற பிள்ளை அதுதான். பேரப்பிள்ளைகளுக்குத் தெரிந்தது 2010க்குப் பிறகு மீளக்குடியேறிய வீட்டு மனிதர்: பாடசாலை வாசலில் சைக்கிளோடு நிற்கிறவர், முற்றத்தில் வலை பின்னுகிறவர். அதுவும் எழுதப்படவேண்டிய ஆள்தான். பத்து வயதுப் பிள்ளையிடமும் பத்து நிமிடம் கேளுங்கள்.

'அவரைப்பற்றிச் சொல்லுங்கோ அம்மம்மா' என்று கேட்டால் 'என்னத்தைச் சொல்ல, தங்கமான மனுசன்' என்றுதான் பதில் வரும். பொருளையும் பொழுதையும் பிடித்துக் கேட்கவேண்டும். காலைமை எழும்பினால் முதலில் எங்கே போவார்? தேத்தண்ணிக்குச் சீனியா பனங்கட்டியா? முதல் முதல் வாங்கின மாடு யாரிடம் வாங்கினது? கோபம் வந்தால் என்ன செய்வார்? காசை எங்கே வைப்பார்? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் சிரிப்பு வரும், அதன் பிறகு கதை தானாக ஓடும். தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்துகொண்டு கேளுங்கள். எழுதிக்கொண்டிருந்தால் அவ எழுதுகிற கைக்காக நிறுத்தி நிறுத்திச் சொல்லுவா. ஒரு இருப்பில் முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். அடுத்த நாள் அவவே 'நேற்று ஒண்டு சொல்ல மறந்துபோனன்' என்று தொடங்குவா. நல்லவை அப்படி வருகிறவைதான்.

நாளைக் கண்டுபிடிப்பது

பெரியவர்கள் ஆண்டு சொல்லமாட்டார்கள். 'மூத்தவள் வயித்தில இருக்கேக்க', 'வற்றாப்பளைப் பொங்கலுக்கு முதல் கிழமை', 'பெரிய வெள்ளத்துக்கு அடுத்த வரியம்' என்றுதான் சொல்லுவார்கள். இதில் குற்றம் ஒன்றும் இல்லை, இது நல்ல கணக்கு. மூத்தவளின் பிறப்புச் சான்றிதழ் ஒரு ஆண்டைத் தரும். வற்றாப்பளைப் பொங்கல் வைகாசியில், புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கல் பங்குனியில். பெரிய வெள்ளம் என்று வயதானவர்கள் சொன்னால் 1957 டிசம்பர், சூறாவளி என்றால் 1964 டிசம்பர். அண்மைய வெள்ளங்களில் ஒன்று, இரணைமடுக் குளத்துக் கதவுகள் திறந்த 2018 டிசம்பர். நவம்பர் மழையில் தறப்பாளோடு மிதந்த கதை என்றால் அது 2008.

பிறந்த நாளுக்குப் பழைய அடையாள அட்டை உதவும். ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும் உள்ள அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனோடு 500 கூட்டியிருக்கும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று எண்ணவேண்டும். ஆக, 41 062 என்று தொடங்கினால் 1941 மார்ச் 2. சாதகக் குறிப்பு இருந்தால் ஒத்துப்பாருங்கள்: அந்த நாள் விக்கிரம வருடம் மாசி மாதத்தில் விழவேண்டும், விசு வருடத்தில் அல்ல, ஏனென்றால் விசு பிறந்தது அந்த ஏப்ரலில்தான். தை தொடக்கம் பங்குனி வரை பிறந்தவர்களுக்கு இந்த ஒரு வருடப் பிழை அடிக்கடி வரும். இரண்டும் ஒத்துவராவிட்டால் சாதகத்தை நம்பலாம். பிறப்புப் பதியாதவர்கள் பலர் உத்தேச வயதுச் சான்றிதழை வைத்துத்தான் அட்டை எடுத்தார்கள். அட்டை இலக்கத்தை மட்டும் கல்வெட்டில் அச்சடிக்கவேண்டாம்.

காணிக்கு வந்த ஆண்டு காணிப் பெர்மிட்டில் (அனுமதிப்பத்திரத்தில்) இருக்கும். பெர்மிட் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்துக் காணிக் கிளையில் பேரேடு பார்க்கலாம். கமநல சேவை நிலையத்துப் பதிவில் வயலின் பெயரும் அளவும் இருக்கும். இது முக்கியம், ஏனென்றால் வன்னிக்கு ஒருவர் வந்த விதம் அந்த ஆண்டிலேயே தெரியும். 1930களில் தொடங்கிய கிளிநொச்சிக் குடியேற்றமா, வவுனிக்குளம் முத்தையன்கட்டுத் திட்டமா, படித்த வாலிபர் திட்டத்தில் மிளகாயும் வெங்காயமும் செய்ய வந்தவரா, 1977 கலவரத்தில் மலையகத்திலிருந்து கையோடு பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு வந்தவரா, அல்லது பரம்பரையாக அந்தக் குளத்தடியிலேயே இருந்தவரா? ஐந்தும் ஐந்து வேறு வாழ்க்கை. 'விவசாயத்தைத் தொழிலாகக் கொண்டவர்' என்று எழுதினால் ஐந்தும் ஒன்றாகிவிடும்.

ஒரு போகத்தை முழுதாக எழுதுங்கள்

தொழிலைப்பற்றி நாலு பாராட்டு எழுதுவதைவிட ஒரே ஒரு காலபோகத்தை, அதாவது மாரிமழை நெற்செய்கையை, அவர் செய்தபடி எழுதினால் போதும். ஆவணி புரட்டாசியில் புழுதி உழவு எத்தனை தரம்? மழைக்கு முன்னே விதைத்துவிட்டுக் காத்திருப்பவரா, முதல் மழை பார்த்து இறங்குகிறவரா? ஏக்கருக்கு இரண்டு புசல் விதை என்றால் அவர் இரண்டேகால் எடுத்தவரா, ஏன்? மொட்டைக்கறுப்பனா பச்சைப்பெருமாளா, எந்த ஆண்டில் கைவிட்டு மூன்றரை மாத நெல்லுக்கு மாறினார்? அருவி வெட்டுக்கு (அறுவடைக்கு) யார் வந்தார்கள், வெட்டின உப்பட்டியை எத்தனை நாள் காயவிட்டார், கதிரைக் குவித்துச் சூடு வைத்துப் பிறகு மாட்டால் அடித்தாரா, உழவு இயந்திரத்தால் மிதித்தாரா? கோடையில் செய்கிற சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் பார்த்துப் பங்கு பிரிக்கிற கூட்டத்தில் அவர் பக்கத்தில் எத்தனை ஏக்கர் கிடைக்கும், கிடைக்காத வருடம் என்ன செய்தார்?

இப்படிக் கேட்டால் ஒரு மனிதரின் குணம் தானாக வெளியே வரும். மழைக்கு முன்னே விதைக்கிறவர் துணிந்தவர். விதைநெல்லைப் பட்டினியிலும் தொடாதவர் எப்படிப்பட்டவர் என்று அடைமொழி போட்டுச் சொல்லத் தேவையில்லை. கடற்கரைப் பக்கம் என்றால் வலைக்கண் அளவு, எந்தக் காற்றுக்கு எந்தத் தொழில், கரைவலையில் எத்தனை பங்கு என்று கேளுங்கள். கூட்டுறவுச் சங்க மனேச்சர், தச்சர், பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலைசெய்தவர் என்று யாராக இருந்தாலும் ஒரு நாள் வேலையை விடியலிலிருந்து எழுதலாம்.

ஓடிய பாதை

இதைப் பட்டியலாகவே போடுங்கள்: ஊர், மாதம், எவ்வளவு காலம், எங்கே படுத்தோம், என்ன கொண்டுபோனோம். 1996இல் கிளிநொச்சியை விட்டவர்கள் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று போனார்கள். 2008இல் மன்னார்ப் பக்கமிருந்து வந்தவர்கள் கிளிநொச்சி, தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன், பொக்கணை, வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் என்று ஒவ்வொரு ஊராகத் தள்ளப்பட்டார்கள். எல்லாருக்கும் இதே வரிசை இல்லை, ஆகவே பொதுவான வரிசையை எடுத்து எழுதிவிடவேண்டாம். ஆனால் நாள் பிடிக்க அது உதவும்: கிளிநொச்சி விழுந்தது 2009 ஜனவரி 2, மாத்தளனில் சனம் உடைத்துக்கொண்டு வெளியேறியது ஏப்ரல் 20. செட்டிகுளத்து முகாமில் இருந்தவர்களிடம் எந்த வலயம் என்று கேளுங்கள். இராமநாதன், அருணாசலம், கதிர்காமர், ஆனந்தகுமாரசாமி என்று உடனே சொல்லுவார்கள். நிவாரண அட்டை, குடும்ப அட்டை எதுவும் மிஞ்சியிருந்தால் அதில் திகதி இருக்கும்.

தகப்பன் என்றால் என்ன என்று பிள்ளைகள் சொல்லுகிற கதை எல்லாம் இந்தப் பாதையில்தான் கிடக்கும். எந்த மண்ணில் பங்கர் வெட்டினார், மணலில் வெட்டியது சரியாமல் இருக்கச் சேலையில் மண்மூட்டை தைத்தது யார், கஞ்சிக்கு எங்கே வரிசையில் நின்றார், எந்த இடத்தில் மாட்டை அவிழ்த்துவிட்டார். கேட்கிறவர் அழலாம், ஆனால் அவசரப்படுத்தக்கூடாது.

காணாமல்போன பிள்ளையின் பெயர்

வன்னிக் கல்வெட்டு ஒன்றில் மிகக் கவனமாகச் செய்யவேண்டிய இடம் பிள்ளைகளின் பெயர் வரிசை. இறந்த பிள்ளைக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடுவோம். போரில் போன பிள்ளை என்றால் நாளும் இடமும் தெரிந்த அளவில் எழுதலாம். ஆனால் 2009இல் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டு அல்லது பிடிபட்டு, இன்றுவரை தகவல் இல்லாத மகனுக்கு என்ன போடுவது? தகப்பன் அந்தப் பிள்ளைக்காக 2017 பெப்ரவரி 20இலிருந்து கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் தாய்மாரோடு போராட்டப் பந்தலில் இருந்தவராக இருக்கலாம். பதில் தெரியாமலே கண்மூடிய தகப்பன்மார் பலர். அவருடைய கல்வெட்டிலேயே அந்த மகனைக் காலஞ்சென்றவனாக்கி அச்சடித்துவிடுவது அவர் வாழ்ந்த கடைசி வருடங்களையே அழித்துவிடுகிற வேலை.

இதைத் தீர்மானிக்கிற உரிமை தாய்க்கு மட்டும்தான் என்பது என் உறுதியான கருத்து. பிள்ளைகளுக்கு இல்லை, ஐயருக்கு இல்லை, வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிறவருக்கும் இல்லை. தனிய இருக்கும்போது, ஒலிப்பதிவை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். கேள்வியைக் குறுக்காக வைக்கவேண்டாம். 'அம்மா, தம்பியின்ர பேரை எப்பிடிப் போடுவம்?' என்றால் போதும். சிலர் 'சும்மா பேரைப் போடு' என்பார்கள். சிலர் 'காணாமல் ஆக்கப்பட்ட எண்டு போடு' என்பார்கள். அரிதாகச் சிலர், போதும், அவனுக்கும் ஒரு திவசம் செய்யவேணும் என்பார்கள். மூன்றும் சரி. கேட்காமல் செய்வது மட்டும்தான் பிழை. சட்டமும் 2016க்குப் பிறகு மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமல்போனதை மட்டும் உறுதிசெய்கிற சான்றிதழுக்கு இடம் வைத்திருக்கிறது. குடும்பத்துக்கு அந்த இடமாவது வேண்டும்.

அவ என்ன சொன்னாலும் பெயர் பிறந்த ஒழுங்கிலேயே நிற்கட்டும், கடைசிக்குத் தள்ளவேண்டாம். பாதைப் பட்டியலில் அவனைக் கடைசியாகக் கண்ட நாளையும் இடத்தையும் யார் கண்டது என்பதையும் அவ சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். மரண அறிவித்தலை எழுதிக் கொடுக்கிற முதல் நாளே இந்த வரியைப் பார்க்கவேண்டும். அச்சகத்தில் தட்டச்சு செய்கிறவர் அறிவித்தலைப் பார்த்துத்தான் கல்வெட்டுக்கும் பெயர் வரிசையை எடுப்பார். அங்கே தவறுதலாக நுழைந்த 'காலஞ்சென்ற' இங்கேயும் வரும், பிறகு நன்றி நவிலலிலும் வரும். பிழைதிருத்தும்போது இந்த ஒரு பக்கத்தை இரண்டுபேர் தனித்தனியாக வாசிக்கவேண்டும்.

படமும் அச்சும்

பழைய படம் வீட்டில் இல்லை என்றால் 2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்ததிலிருந்து 2006 ஆகஸ்டில் மூடும்வரை வன்னிக்கு வந்துபோன வெளிநாட்டு உறவுகளைக் கேளுங்கள். அந்த நாலு வருடத்தில் எடுத்த படங்கள் லண்டனிலும் ரொறன்ரோவிலும் அல்பங்களில் இருக்கின்றன. வாட்சப்பில் படமாக அனுப்பினால் நெரித்துச் சின்னதாக்கிவிடும், டொகியுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஏ5 பக்கம் முழுவதும் போட 1748க்கு 2480 புள்ளி வேண்டும். பாஸ்போட் அளவுப் படம் மட்டும்தான் உண்டென்றால் 600 டிபிஐயில் ஸ்கான் செய்யுங்கள், இரண்டு மடங்காகப் பெருப்பிக்கலாம், அதற்குமேல் இழுத்தால் மங்கும். இன்னொருவர் உடம்பில் கோட்டும் சூட்டும் போட்டுத் தலையை ஒட்டுவதை விட்டுவிடலாம். இப்போது கணினியில் முகத்தை 'தெளிவாக்கி' வேறொரு ஆளாக்கித் தருகிறார்கள், அதையும் வேண்டாம் என்று சொல்லுங்கள். சாரத்தோடு வயல் வரம்பில் நிற்கிற மங்கலான படம் நூறு மடங்கு மேல்.

பக்கம் நாலின் மடங்காக வரவேண்டும். 40 பக்கம் என்றால் வாழ்க்கைக்குப் பன்னிரண்டு பக்கமாவது வையுங்கள். சிவபுராணமும் திருப்பொற்சுண்ணமும் எல்லா வீட்டுப் புத்தகத்திலும் உண்டு. மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் என்று வருகிற ஆயத்தப் பாட்டுகளுக்குப் பதிலாக மனைவி சொன்ன கதையில் ஒரு பக்கத்தை அவ பேசினபடியே போடலாம். யுனிகோட்டில் எழுதிக் கொடுத்தால் அச்சகத்தில் பாமினி எழுத்துருவுக்கு மாற்றும்போது சில குறிகள் எழுத்தாகிவிடும். மாற்றிய பிறகுதான் பிழை பார்க்கவேண்டும், மாற்றுமுன் பார்த்துப் பயனில்லை.

அச்சானதும் ஒரு பிரதியையும் பிடிஎப் கோப்பையும், ஈழத்துத் தமிழ் நூல்களை இணையத்தில் சேர்த்துவைக்கிற நூலக நிறுவனத்துக்கு அனுப்பிவையுங்கள். நினைவு மலர்களையும் அவர்கள் எண்ணிமப்படுத்திச் சேர்க்கிறார்கள். ஒலிப்பதிவுகளை இரண்டு பேரப்பிள்ளைகளின் கணினியில் வேறு வேறு நாட்டில் வைத்திருங்கள். அந்தியேட்டிக்கு வந்தவர்கள் வாசித்துவிட்டு 'அது உடையார்கட்டு இல்லை, வள்ளிபுனம்' என்று திருத்துவார்கள். கோபிக்காமல் ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டு வந்தால் ஆட்டைத்திவசத்துக்கு முன் திருத்திய பதிப்பு ஒன்று போடலாம்.